புகார் மனுவில் சாதி இருக்காது

நம் முன்னால் ஒரு குறிப்பாணையின் நகல் இருக்கிறது. முக்கால் பக்கம்தான். கிராமப் பொதுமக்களிடமிருந்து தங்கள் மீது புகார் மனு வரப்பெற்றுள்ளது என்று தொடங்குகிறது. உணவு சுத்தமாகச் சமைக்கப்படுவதில்லை, பணிக்கு உரிய நேரத்தில் வருவதில்லை, பெற்றோரிடம் மரியாதைக் குறைவாகப் பேசுகிறார் என மூன்று குற்றச்சாட்டுகள். மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலமாக விளக்கம் தர வேண்டும், தவறினால் சொல்வதற்கு ஒன்றுமில்லை எனக் கருதி மேல்நடவடிக்கை எடுக்கப்படும் என்று முடிகிறது.

பெறுபவர் நமது மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் சத்துணவு சமையலர். பட்டியல் சாதிப் பெண். பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். அந்த மையத்துக்கு அவர் வந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. அதற்கு முன் வேறொரு பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் சமைத்தார். அங்கே ஒரு மெமோகூட வாங்கியதில்லை.

குறிப்பாணையை இரண்டு முறை படித்தோம். சாதி என்ற சொல் எங்கும் இல்லை. அதற்குக் காரணமான புகார் மனுவிலும் இல்லை. மனு எழுதுகிறவர்களுக்கு இன்று அந்த அளவுக்கு விவரம் தெரியும். ‘அவர் கையால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள்’ என்று எழுதினால் வழக்கு வரும். ‘சாம்பாரில் முடி கிடந்தது’ என்று எழுதினால் மெமோ வரும்.

இதை நாம் ஊகத்தில் சொல்லவில்லை. அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில் நடந்ததை இம்மாவட்டத்து வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2018 ஜூலையில் அங்குள்ள அரசு உயர்நிலைப் பள்ளிக்கு, அதே ஊரைச் சேர்ந்த அருந்ததியர் சமூகத்துப் பெண் சமையலராக மாறுதல் பெற்று வந்தார். ஆதிக்க சாதியினர் பள்ளியை முற்றுகையிட்டார்கள், பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். அப்போது எவரும் மனுவில் நாசூக்கு பார்க்கவில்லை, நேராகவே சொன்னார்கள். வட்டார நிர்வாகம் என்ன செய்தது? முற்றுகையிட்டவர்களை விட்டுவிட்டு, சமைக்க வந்தவரின் மாறுதல் உத்தரவை ரத்து செய்தது. தலித் அமைப்புகளும் இடதுசாரி இயக்கங்களும் தெருவில் இறங்கிய பிறகே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டு, அவர் அதே பள்ளியில் அமர்த்தப்பட்டார். வழக்கு ஏழு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 2025 நவம்பர் இறுதியில் திருப்பூர் சிறப்பு நீதிமன்றம் ஆறு பேருக்கு இரண்டாண்டு சிறைத் தண்டனை விதித்தது. 25 பேர் விடுவிக்கப்பட்டார்கள்.

தீர்ப்பு வந்த நாளில் நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அதைப் படித்து இரண்டு தரப்பும் பாடம் கற்றிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். வெளிப்படையாக எதிர்த்தால் தண்டனை உண்டு என்பது எதிர்த்தரப்பு கற்ற பாடம். ஆகவே எதிர்ப்பு இப்போது புகார் மனுவின் வடிவத்தில் வருகிறது. ருசி, சுத்தம், நேரம், மரியாதை, கணக்கு என்ற ஐந்துக்குள் எதை வேண்டுமானாலும் அடக்கிவிடலாம். ஊராட்சி மன்றத் தலைவர் தலித்தாக இருந்தால் ‘நிதி முறைகேடு’, ஆசிரியராக இருந்தால் ‘பாடம் நடத்துவதில்லை’, தூய்மைப் பணியாளராக இருந்தால் ‘சொன்ன வேலையைச் செய்வதில்லை’. பட்டியலை வாசகர்களே நீட்டிக்கொள்ளலாம்.

தலித் ஊழியர் மீது வரும் புகார் எல்லாமே பொய் என்று நாம் வாதிடவில்லை. சோறு குழைந்தால் கேட்கத்தான் வேண்டும். சாப்பிடுவது குழந்தைகள், அவர்களில் நம் குழந்தைகளும் உண்டு. நாம் கேட்பது வேறு. முன்பிருந்த சமையலரின் சாம்பாரில் முடி கிடந்தபோதும் மனு போனதா, மெமோ வந்ததா என்பதுதான். அந்த மையத்தில் அப்படி ஒரு மெமோ முன்பு எவருக்கும் போனதாகத் தெரியவில்லை என்கிறார் அங்கேயே நெடுநாள் இருக்கும் சமையல் உதவியாளர்.

இனி அந்தச் சகோதரிக்கு நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். மெமோ வெள்ளிக்கிழமை மாலை கைக்கு வந்தது. சனி, ஞாயிறு அலுவலகம் கிடையாது. திங்கள்கிழமை விளக்கம் தர வேண்டும். வீட்டில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. கணவர் பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள்தான், அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்பதைக் கவனித்து, அரிசி டப்பாவுக்கு அடியில் மடித்து வைத்திருந்த தாளைக் கண்டுபிடித்தாள். ‘நான் ஏதோ திருடுன மாதிரி ஆயிடுச்சுங்க’ என்றார் நம்மிடம். மெமோ என்பது ஒரு கேள்வி, தீர்ப்பு அல்ல என்பதை அவருக்கு அதுவரை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

திங்கள் காலை அலுவலகம் போனார். அங்கே ஒருவர் அவரிடம் அன்பாகவே பேசினார். ‘நீ எதுக்கு இதைப் பெருசாக்கற? தெரியாம நடந்துபோச்சு, இனிமே நடக்காது, மன்னிச்சுக்கோங்கன்னு ரெண்டு வரி எழுதிக் குடு. அத்தோட ஃபைலை மூடிடலாம்.’ இவர் ‘சரிங்க’ என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்தும் போட்டார். தன்னைவிட வயதில் இளையவர் ‘நீ’ என்று பேசியதும், தான் ‘ங்க’ போட்டுப் பதில் சொன்னதும் அவருக்கு அப்போது உறுத்தவில்லை. பிறகுதான் உறுத்தியது.

பத்து நாள் கழித்து வாய்மொழியாக ஒரு செய்தி வந்தது. ‘குற்றத்தை ஒப்புக்கொண்டிருப்பதால்’ பதினெட்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள வேறொரு மையத்துக்கு மாறுதல் போட யோசிக்கிறார்களாம். ஃபைல் மூடவில்லை. அந்த இரண்டு வரியை வைத்துத்தான் திறந்திருக்கிறது.

இத்தகைய புகார்களில் நாம் திரும்பத் திரும்பப் பார்க்கும் இடம் இதுதான். புகாரைவிட ஆபத்தானது மன்னிப்புக் கடிதம். கேட்கிறவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. பல நேரம் அவருக்குத் தொல்லை தீர வேண்டும், அவ்வளவுதான். தொல்லை தீர்வதற்கு எளிய வழி, புகார் சொன்ன ஐம்பது பேரைப் பகைக்காமல், புகாருக்கு ஆளான ஒருவரை இடம் மாற்றுவது. இதற்கு நிர்வாக மொழியில் ‘நிர்வாக நலன் கருதி’ என்று பெயர். மாற்றப்பட்டவருக்கு பஸ் செலவு, நேரச் செலவு போக, புதிய ஊரில் ‘அங்கே புகார் வந்து இங்கே வந்தவர்’ என்ற பெயரும் முன்னாலேயே போய்விடும்.

தலித் ஊழியர் வேலையிடத்திலிருந்து விரட்டப்படும் கதை பழையது. தமது வாழ்வில் கண்ட தீண்டாமையை எழுதிய ‘வீசாவுக்காகக் காத்திருத்தல்’ கட்டுரையின் கடைசிப் பகுதியில் அண்ணல் அம்பேத்கர், குஜராத்தின் போர்சத் வட்டத்தில் கிராமக் கணக்கராக நியமனம் பெற்ற ஒரு பங்கி இளைஞரைப் பற்றிச் சொல்கிறார். நாற்காலியில் உட்கார நீ யார் என்று ஊர் கேட்டது, மிரட்டியது. அவர் வேலையை விட்டுவிட்டு ஊரைவிட்டே போனார். 1930களின் நடுவில் நடந்தது. அந்த இளைஞருக்குத் துணையாக ஒரு சட்டமும் அன்று இல்லை. இன்றைக்குச் சட்டம் இருக்கிறது. அதில் நமக்குத் தேவையான வரி எங்கே இருக்கிறது என்பதுதான் நம்மில் பலருக்குத் தெரியாது.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்றாலே அடிதடி, கொலை, சாதிப் பெயர் சொல்லித் திட்டுதல் ஆகியவைதான் நினைவுக்கு வருகின்றன. அதே சட்டத்தின் பிரிவு 3(1)இல் ‘பி’, ‘க்யூ’ என்று இரண்டு உட்பிரிவுகள் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்தவர் மீது, அச்சமூகங்களைச் சேராத ஒருவர் பொய்யான, உள்நோக்கமுள்ள, தொல்லை தரும் வழக்கோ சட்ட நடவடிக்கையோ தொடுத்தால் அது ‘பி’யின்படி குற்றம். அரசு ஊழியர் ஒருவரிடம் பொய்யான அல்லது அற்பமான தகவலைத் தந்து, அவர் தம் அதிகாரத்தை நமக்குத் தீங்காகவோ தொல்லையாகவோ பயன்படுத்தும்படி செய்தால் அது ‘க்யூ’வின்படி குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. இவை 2015 திருத்தத்தில் புதிதாக முளைத்தவையும் அல்ல. 1989 முதலே வேறு எண்களில் இருந்தவை. அதாவது, அதிகாரியிடம் பொய்ப் புகார் கொடுத்து ஒரு தலித் ஊழியருக்கு மெமோ வாங்கித் தருவதும் ஒரு வன்கொடுமையாகலாம் என்று நாடாளுமன்றமே எழுதி வைத்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது.

நமக்குத் தெரிந்த வழக்குகளில் இந்த ‘க்யூ’வைக் காண்பது அரிது. போலீஸ் நிலையத்தில் சொன்னால் ‘அது துறை விஷயம், அங்கே பாருங்க’ என்கிறார்கள். துறையில் கேட்டால் ‘போலீஸ் விஷயம்’ என்கிறார்கள். நிரூபிப்பதும் எளிதல்ல. மனு பொய் என்று காட்ட வேண்டும். அதற்கு முதலில் நம்முடைய விளக்கம் ஆதாரத்துடன் கோப்பில் இருக்க வேண்டும். மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டால் இந்தக் கதவும் சேர்ந்தே சாத்திக்கொள்கிறது. மனு பொய் என்று நாம் எப்படிச் சொல்வது, உண்மை என்று நாமே எழுதிக் கொடுத்த பிறகு?

இங்கே இன்னொரு வரலாற்றையும் நினைவூட்ட வேண்டும், முக்கியமாக மாணவர்களுக்கு. 2018 ஏப்ரல் 2 பாரத் பந்த் நினைவிருக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்த மார்ச் 20 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து வட மாநிலங்கள் கொந்தளித்தன, உயிர்கள் போயின. அந்த வழக்கு எங்கே தொடங்கியது என்று கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. மகாராஷ்டிரத்தின் கராடில் ஓர் அரசு மருந்தியல் கல்லூரியின் பண்டகக் காப்பாளர், தலித் ஊழியர். அவருடைய ஆண்டு ரகசியக் குறிப்பில் மேலதிகாரிகள் அவரது நேர்மையும் நடத்தையும் சரியில்லை என்று எழுதினார்கள். அவர் போலீசுக்குப் போனார். அதிகாரிகள் மீது வழக்குத் தொடர மேலிடம் அனுமதி மறுத்தது. மறுத்த அதிகாரி மீதும் அவர் புகார் கொடுத்தார். அந்த அதிகாரி உச்ச நீதிமன்றம் வரை போனதில்தான், சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்ற தீர்ப்பு வந்தது.

ஒரு ஊழியரின் பணிக் குறிப்பில் எழுதப்பட்ட ஓரிரு வரிகள் நாட்டையே உலுக்கின. அந்த வரிகள் நியாயமானவையா இல்லையா என்ற கேள்வியை நாடு மறந்துவிட்டது. தலித்துகள் பொய்ப் புகார் கொடுக்கிறார்கள் என்பதே விவாதமாயிற்று. தலித்துகள் மீது கொடுக்கப்படும் பொய்ப் புகார்களைப் பற்றித் தொலைக்காட்சியில் ஒரு மணி நேர விவாதம் நடந்து நாம் பார்த்ததில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று அது சொல்கிறது. 2019 அக்டோபரில் நீதிமன்றமே தன் உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் 18ஏ செல்லும் என்றும் சொன்னது. சட்டம் பிழைத்தது. ஆனால் ‘அவங்க எல்லாத்துக்கும் கேஸ் போடுவாங்க’ என்ற பேச்சு அலுவலகங்களில் தங்கிவிட்டது. நம் ஊழியர்கள் பலர் மெமோ வந்ததும் வாய் திறக்காமலிருப்பதற்கு இந்தப் பேச்சும் ஒரு காரணம்.

சரி, அந்தச் சகோதரி என்ன செய்ய வேண்டியிருந்தது, இப்போது என்ன செய்யலாம்?

மூன்று நாள் போதாது என்றால் அவகாசம் கேட்டு எழுதலாம். அப்படிக் கேட்பது குற்றமல்ல. விளக்கம் எழுதும் முன் புகார் மனுவின் நகலைக் கேட்க வேண்டும். எந்தத் தேதியில், யார் சாப்பிட்ட உணவில், என்ன கிடந்தது என்பது தெரியாமல் எதற்குப் பதில் எழுதுவது? தர மறுத்தால், கேட்டும் தரவில்லை என்பதே நம் பக்கத்து ஆவணம். நிரந்தர அரசு ஊழியர்களுக்கு 17(ஏ), 17(பி) என்று ஒழுங்கு நடவடிக்கை விதிகள் இருக்கின்றன. கடும் தண்டனைக்கு வழி வைக்கும் 17(பி)யில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை உண்டு. விசாரணை அறிக்கையின் நகலைத் தராமல் தண்டிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1993இலேயே சொல்லிவிட்டது. தற்காலிகப் பணி நீக்கத்தில் வைத்துவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிடுவதும் செல்லாது. மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தர வேண்டும் என்பது 2015 தீர்ப்பு. சத்துணவுப் பணியாளர்கள் சிறப்புக் காலமுறை ஊதியத்தில் இருப்பவர்கள், உங்களுக்கு இதெல்லாம் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிடப் பார்ப்பார்கள். கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்ற இயற்கை நீதி எந்த ஊதிய விகிதத்துக்கும் பொதுவானது.

அடுத்தது ஆதாரம். அந்தச் சமையலறையிலேயே அது இருந்தது. உணவைப் பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஆசிரியர் ருசி பார்த்துக் கையெழுத்திடும் பதிவேடு இருக்கிறது. சுத்தமில்லாத சோறு என்று புகார் சொன்ன மாதத்தில் ஒவ்வொரு பள்ளி நாளும் அதில் கையெழுத்து இருக்கிறது, ஒரு குறையும் எழுதப்படவில்லை. சாப்பிட்ட மாணவர் எண்ணிக்கையும் தினசரி பதிவாகிறது. அவர் வந்த பிறகு எண்ணிக்கை குறைந்ததா, எந்தெந்த வகுப்பில் குறைந்தது, எந்தத் தெருப் பிள்ளைகள் நின்றார்கள் என்று பார்த்தால், மனுவில் எழுதாத சாதி அங்கே தெரிந்துவிடும். மகள் உட்கார்ந்து இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினாள். நம்மைக் கேட்டால் இந்த வழக்கின் முதல் வழக்கறிஞர் அவள்தான்.

நேரம் தவறியதாகச் சொன்னது? இரண்டு நாள் உண்மைதான் என்றார். காலை பஸ் வரவில்லை, இருபத்தைந்து நிமிடம் தாமதம். அதை மறைக்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். இரண்டு தேதிகளையும் குறிப்பிட்டு, பஸ் வராததையும், அன்றும் மதிய உணவு உரிய நேரத்தில் பரிமாறப்பட்டதையும் எழுதச் சொன்னோம். ஒன்றை ஒப்புக்கொள்கிறவர் மற்றதை மறுக்கும்போது அதற்கு எடை கூடுகிறது. எல்லாமே சதி என்று எழுதுகிற விளக்கத்தைப் படிக்கும் அதிகாரி, இரண்டாவது வரியிலேயே நம்பிக்கை இழந்துவிடுவார்.

ஏற்கெனவே கொடுத்த அந்த இரண்டு வரி? அதற்கும் வழி இருக்கிறது. அது எந்தச் சூழலில், யார் சொல்லி எழுதப்பட்டது, கோப்பை மூடுவதற்காக என்று சொல்லி வாங்கப்பட்டது என்பதை விளக்கி, அதைக் குற்ற ஒப்புதலாகக் கொள்ளக் கூடாது, முறையான விசாரணை வேண்டும் என்று இரண்டாவது கடிதம். எத்தனை நாள் தள்ளுகிறோமோ அத்தனைக்கு அதன் பலம் குறையும். வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒன்று, மாவட்ட ஆட்சியரின் சத்துணவு நேர்முக உதவியாளருக்கு ஒரு நகல். நேரில் கொடுத்தால் நம் நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். தர மறுத்தால் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும்.

கடிதத்தில் சாதியைச் சொல்ல வேண்டுமா? சங்கத்துக்காரர்களே இதில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். சொன்னால் அதிகாரிகள் இறுகிப்போவார்கள் என்பது ஒரு தரப்பு. நம் கருத்து, நடந்ததைச் சொல்ல வேண்டும் என்பதே. ‘சாதியால் பழிவாங்குகிறார்கள்’ என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. இன்ன தேதியில் இன்ன பெற்றோர் பள்ளி வாசலில் இன்ன சொன்னார், கேட்டவர் இன்னார் என்று எழுதினால், பின்னால் 3(1)(க்யூ)வின் கீழ் புகார் கொடுக்க வேண்டி வந்தாலும் அதுவே அடித்தளம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது, நம் இளைஞர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். செய்தி தெரிந்ததும் காலனியிலிருந்து நாற்பது பேர் கிளம்பி வட்டார அலுவலகத்துக்குப் போய்க் கேள்வி கேட்பதாக இருந்தார்கள். அந்தச் சகோதரியே தடுத்துவிட்டார். நல்ல காரியம் செய்தார். போயிருந்தால் அன்று மாலையே ‘அரசுப் பணியைத் தடுத்ததாக’ இரண்டாவது புகார் பிறந்திருக்கும், முதல் புகாரை எல்லோரும் மறந்திருப்பார்கள். போராட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. திருமலைக்கவுண்டன்பாளையத்தில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டதே போராட்டத்தால்தான். ஆனால் அங்கே கையில் ஓர் அநீதியான உத்தரவு இருந்தது. இங்கே இன்னும் விசாரணையே தொடங்கவில்லை.

துறை கேட்காவிட்டால் போக இடங்கள் உண்டு. ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டிய மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்கிறது. 2021இல் சட்டமியற்றி அமைத்த மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் இருக்கிறது. தேசிய ஆணையத்துக்கு ஊழியர் குறைகளை விசாரிக்கும் அதிகாரமும், சிவில் நீதிமன்றம் போல ஆவணங்களை வரவழைக்கும் அதிகாரமும் அரசியல் சாசனத்தின் 338ஆவது பிரிவிலேயே தரப்பட்டிருக்கின்றன. தனியார் கம்பெனிகளில் நிலைமை மோசம். அங்கே மெமோவே கிடையாது, ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்ற ஒரு வார்த்தைதான். அவர்கள் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம்தான் தொடங்க வேண்டும். அதைத் தனியாக எழுத வேண்டும்.

சத்துணவு சமையலறைக்கென்று ஒரு சங்கதி மிச்சமிருக்கிறது. சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 20 அன்று, உணவு உரிமை வழக்கில் உத்தரவிட்டது. ஒரே அடுப்பில் வெந்த சோற்றை எல்லாப் பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உண்ணும் இடம் ஊரில் பள்ளி ஒன்றுதான். அந்த அடுப்பின் முன் நிற்பவரைப் பதினெட்டு கிலோமீட்டர் நகர்த்தினால், அங்கே சாப்பிடும் பிள்ளைகள் ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்வார்கள். யார் சொன்னால் யார் நகர வேண்டும் என்ற பாடம்.

இரண்டாவது கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது, முத்திரையோடு நகல் இருக்கிறது. மாறுதல் பேச்சு தற்போதைக்கு நின்றிருக்கிறது. விசாரணைக்கு வரும் வியாழக்கிழமை காலை 11 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கூட ஒருவரை அழைத்துவர அனுமதி கேட்டு எழுதியிருக்கிறார், பதில் இன்னும் வரவில்லை. இதற்கிடையே அவர் தினமும் காலை முதல் பஸ்ஸிலேயே போய்விடுகிறார். பள்ளிக் கதவு திறக்க முக்கால் மணி நேரம் இருக்கிறது, வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்.